கெயினைத் தொடும் முன் ஸ்பிண்டிலைப் பாருங்கள்

ரிமோட்டில் ஓட்டும் மாடல் ஹெலிகாப்டரின் (ஹெலி) வால் நடுங்குகிறது. உடனே டிரான்ஸ்மிட்டரை எடுத்து டெயில் கெயினை (வாலை எலக்ட்ரானிக்ஸ் எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்ற அமைப்பு) ஐந்து, பத்து என்று குறைக்கிறோம். நடுக்கம் நின்றுவிடுகிறது. ஆனால் அடுத்த முறை கலெக்டிவை (எல்லா மெயின் பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாக மாற்றும் கட்டுப்பாடு) சட்டென்று ஏற்றும்போது வால் ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. அதைச் சரிசெய்ய இன்னொரு அமைப்பில் கை வைக்கிறோம். இப்படி நாலு அமைப்புகளை மாற்றி முடிக்கும்போது, முதலில் இருந்த கோளாறு அப்படியே உள்ளே இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு தளர்ந்த பெல்ட், அல்லது மயிரிழை அளவுக்கு வளைந்த டெயில் ஷாஃப்ட்.

1970-இல் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் தன் மாடல் ஹெலிகாப்டரை நம்பகமாகப் பறக்கவிட்டுக் காட்டிய காலத்தில், இன்றுள்ள எலக்ட்ரானிக் உதவி எதுவும் கிடையாது. இயந்திரத்தில் குறை இருந்தால் அது நேராக ஓட்டுபவரின் விரலுக்கு வந்து சேரும். இன்றைய ஃப்ளைபார்லெஸ் யூனிட் (ஹெலியை நிலைப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை செர்வோக்களை (கட்டுப்பாட்டுக் கம்பிகளை அசைக்கும் சிறு மோட்டார்கள்) திருத்துகிறது. அதனால் ஓரளவு கெட்டுப்போன ஹெலியும் பறக்கிறது. யூனிட் குறையை மறைக்கும், நீக்காது. மறைத்துக்கொண்டே இருந்து, ஒருநாள் அதன் எல்லை தாண்டும்போது மொத்தமாகக் கைவிடும். ஆகவே மெக்கானிக்கல் வேலை முழுதாக முடிந்த பிறகே எலக்ட்ரானிக்ஸுக்குப் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

கீழே உள்ள அளவுகள் 450 வகைக்கு. தைவானின் அலைன் நிறுவனத்து டி-ரெக்ஸ் 450 பரவலாக்கிய அளவு அது: 325 மிமீ மெயின் பிளேடு, 5 மிமீ மெயின் ஷாஃப்ட், 120 டிகிரி ஸ்வாஷ்பிளேட் (செர்வோக்களின் அசைவைச் சுழலும் பிளேடுகளுக்குக் கடத்தும் தட்டு), 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி, பெல்ட்டில் ஓடும் வால். வேறு அளவு வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

முதலில் பயம் இருக்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 2800 ஆர்பிஎம்மில் சுற்றும் 35 கிராம் பிளேடின் எடைமையம் ரோட்டர் மையத்திலிருந்து சுமார் 20 செமீ தள்ளி இருந்தால், அது தன்னைப் பிடித்திருக்கும் கிரிப்பை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 60 கிலோ. பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 370 கிமீ அளவில் வரும். மேசைமேல் வைத்துச் செய்யும் எந்த வேலைக்கும் மோட்டாரின் மூன்று ஒயர்களில் இரண்டைக் கழற்றிவிடுங்கள். மோட்டாரை நிறுத்தி வைக்கும் த்ராட்டில் ஹோல்டு ஸ்விட்சை மட்டும் நம்பி, பேட்டரி இணைத்த ஹெலியின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. மோட்டாரை ஓட்டியே பார்க்க வேண்டுமென்றால் மெயின் பிளேடு, டெயில் பிளேடு இரண்டையும் கழற்றிய பிறகுதான்.

திருகும் மறையும்

கிட்டில் வரும் ஹெலியும் சரி, தொழிற்சாலையில் பூட்டி வரும் ஹெலியும் சரி, உலோகத்தில் உலோகம் பூட்டும் ஒவ்வொரு திருகையும் கழற்றி, மறையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நீல நிற லாக்டைட் (242 அல்லது 243) போட்டுப் பூட்டுங்கள். எண்ணெய் படிந்த மறையில் 242 சரியாகப் பிடிக்காது. அளவு என்பது குண்டூசித் தலையளவுதான். 2 மிமீ திருகுக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால், மிச்சம் வழிந்து பக்கத்து பேரிங்குக்குள் போய் அதை இறுக்கிவிடும். முழுப் பிடிமானம் வர ஒரு நாள் விடுங்கள். பிளாஸ்டிக்கில் பூட்டும் திருகுக்கு இது வேண்டாம். பல வகை பிளாஸ்டிக்கை இது வெடிக்க வைக்கும்.

பிறகு கழற்றும்போது அசையாத திருகை முரட்டுத்தனமாகத் திருப்பினால் அறுகோணக் குழி உருண்டையாகிவிடும். சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்துச் சூடாக்கினால் லாக்டைட் இளகும். 1.5, 2.0, 2.5 மிமீ ஆலன் டிரைவர் மூன்றையும் நல்ல தரத்தில் வாங்குங்கள். தேய்ந்த டிரைவரால் கெட்டுப்போகும் திருகுகளை எடுக்கப் படும் பாட்டை நினைத்தால் அந்தப் பணம் பெரிதல்ல.

ரோட்டர் ஹெட்

என்னைக் கேட்டால் ஒரு ஹெலியின் குணம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஹப்பின் குறுக்கே போகும் ஸ்பிண்டிலைக் கழற்றி, ஜன்னல் கண்ணாடித் துண்டு அல்லது முகம் பார்க்கும் கண்ணாடிமேல் உருட்டுங்கள். நேராக இருந்தால் சத்தமில்லாமல் உருளும். வளைந்திருந்தால் தத்தித் தத்தி உருளும், அடியில் வெளிச்சம் தெரிந்து மறையும். வளைந்த ஸ்பிண்டிலைத் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். கடினப்படுத்திய எஃகு அது. நிமிர்த்தினாலும் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கலாம், 60 கிலோ இழுவையில் அது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெயின் ஷாஃப்ட்டுக்கும் இதே கண்ணாடிச் சோதனைதான்.

பிளேடு கிரிப்புக்குள் சாதா பேரிங்குகளோடு ஒரு த்ரஸ்ட் பேரிங்கும் இருக்கும். அந்த 60 கிலோவைத் தாங்குவது இதுதான். இதன் இரண்டு வாஷர்களும் பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் துளை அளவு வேறு. ஸ்பிண்டிலில் இரண்டையும் கோர்த்துப் பாருங்கள்: ஒன்று லூசாக இருக்கும், மற்றது பிடிப்பாக இருக்கும். லூசானது ஹப் பக்கம் வர வேண்டும், பிடிப்பானது வெளிப்பக்கம், திருகின் பக்கம். மாற்றிப் போட்டால் பறக்கும்போது கிரிப் திரும்ப மறுக்கும், செர்வோக்கள் திணறும், சில பறத்தல்களில் பேரிங் நொறுங்கும். மேசைமேல் கையால் திருப்பிப் பார்த்தால் இந்தத் தவறு தெரியவே தெரியாது. சுமை ஏறினால்தான் தெரியும். அதனால்தான் பூட்டும்போதே இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது. நல்ல கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள். 20, 30 பறத்தலுக்கு ஒருமுறை திறந்து துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள்.

ஹப்பின் இருபுறமும் ஸ்பிண்டிலைத் தாங்கும் ரப்பர் வளையங்கள்தான் டேம்பர்கள். தேய்ந்துபோனால் இரண்டு கிரிப்பையும் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இருக்கும். ஹோவரில் மூக்கு மெதுவாகத் தலையாட்டுவது இதன் முதல் அறிகுறி. சைக்ளிக் (ஹெலியை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்க்கும் கட்டுப்பாடு) கெயினை ஏற்றினால் ஆட்டம் அடங்கியதுபோல இருக்கும். டேம்பரை மாற்றுவதுதான் தீர்வு.

பந்தில் மாட்டும் முனையான பால் லிங்க் ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். பந்தின்மேல் அது தன் எடையில் சாய வேண்டும், ஆனால் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. மிக இறுக்கமாக இருந்தால், மாட்டிய நிலையிலேயே லிங்கின் முகத்தைத் தட்டைப் பிளையரால் லேசாக ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அலைன் லிங்குகளில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து பொறித்த முகம் வெளியே பார்க்க வேண்டும். பந்தை உள்வாங்கும் பக்கமும் வெளிப்பக்கமும் துளையில் வேறுபடும்.

செம்மண் மைதானத்தில் பறக்கவிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மெயின் ஷாஃப்ட்டில் ஸ்வாஷ்பிளேட் ஏறி இறங்கும் பகுதியில் கிரீஸ் தடவ வேண்டாம். தூசியும் கிரீஸும் சேர்ந்தால் அரம்போல வேலை செய்து ஸ்வாஷ்பிளேட்டின் உட்பந்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு நாள் முடிவிலும் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

கியரும் வாலும்

மோட்டாரில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனும் மெயின் கியரும் சேரும் இடைவெளிக்குப் பழைய வழியே நல்ல வழி. இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு சாதாரண நோட்டுத் தாளை ஓட்டி, மோட்டாரை அழுத்திப் பிடித்துத் திருகை இறுக்குங்கள். தாள் கிழியாமல், மடிப்பு மட்டும் விழுந்து வெளியே வந்தால் சரி. பிறகு மெயின் கியரை ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்பி ஏழெட்டு இடங்களில் ஆட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் கியர் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை. மிக இறுக்கமாக வரும் இடத்தில் மயிரிழை ஆட்டம் இருக்கும்படி வையுங்கள். இறுக்கமான மெஷ்ஷில் மோட்டாரும் ஸ்பீட் கன்ட்ரோலரும் சூடாகும், கியர் ஊளையிடும். தளர்ந்த மெஷ்ஷில், திடீரென்று கலெக்டிவ் ஏற்றும்போது பல் உரிந்துவிடும்.

எந்தப் பினியன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 3500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு இத்தனை ஆர்பிஎம்) மோட்டார், 11.1 வோல்ட் என்றால் சுமையில்லாமல் 38,850 ஆர்பிஎம். 13 பல் பினியன், 150 பல் மெயின் கியர் என்றால் ரோட்டரில் 3367 வரும். சுமை ஏறியதும் சுமார் 15 சதவீதம் குறையும் என்று வைத்தால் ஏறத்தாழ 2860. இந்த 450-க்கு நிதானமான பறத்தலுக்கு இது போதுமானதைவிட அதிகம். பழகுபவர்கள் ஸ்பீட் கன்ட்ரோலரின் கவர்னரில் (ரோட்டர் வேகத்தை நிலையாக வைக்கும் அமைப்பில்) இதையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ரொம்பக் குறைத்தால் வால் பலவீனமாகிவிடும். டெயில் ரோட்டரும் அதே கியரில்தானே ஓடுகிறது.

மெயின் கியருக்குள் ஒன்-வே பேரிங் இருக்கிறது. ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும். அதில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். கெட்டியான கிரீஸை அடைத்தால் உள்ளிருக்கும் உருளைகள் பிடிக்காமல் வழுக்கும், ஏற்றத்தில் ரோட்டர் வேகம் சட்டென்று விழும். பேட்டரி பலவீனம் என்று நினைத்து அலைவார்கள்.

இனி வால். பெல்ட்டை பூமின் (வால் குழாயின்) முன்பக்கத் திறப்பு வழியாக விரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக உள்வாங்க வேண்டும், எதிர்ப்பக்கத்துப் பெல்ட்டைத் தொடக் கூடாது. பூமைப் பின்னால் இழுத்து இறுக்கம் வைத்த பிறகு மெயின் ரோட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கம் அதிகமானால் கனமாகச் சுற்றும். பூமைக் கழற்றி மாட்டும்போது பெல்ட்டைத் தவறான பக்கம் முறுக்கிவிட்டால் டெயில் ரோட்டர் தலைகீழாகச் சுற்றும். பூட்டியதும் மெயின் ரோட்டரை அதன் திசையில் திருப்பி, மேனுவலில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

டெயில் பிளேடுகளின் கோணத்தை (பிட்ச்) மாற்றும் ஸ்லைடரைச் செர்வோவிலிருந்து கழற்றிவிட்டு விரலால் தள்ளுங்கள். முழுத் தூரமும் ஒரே மெத்தென்ற தன்மையில் போக வேண்டும். எங்காவது சின்னதாகத் தடுக்கினாலும் செர்வோ அந்த இடத்தில் தாமதிக்கும், யூனிட் அதிகமாகத் திருத்தும், பிறகு திரும்பத் திருத்தும். வால் நடுக்கத்தில் பெரும்பங்கு இதுதான். புஷ்ராடின் வழிகாட்டிகள் நேர்கோட்டில் இல்லாததும், டெயில் ஷாஃப்ட் வளைந்ததும் இதே விளைவைத் தரும். இவை எல்லாம் சுத்தமாக இருந்தும் நடுங்கினால் மட்டுமே கெயினைத் தொட வேண்டும்.

செர்வோ, ஸ்வாஷ்பிளேட், பிட்ச்

யூனிட்டின் செட்டப் நிலையில், டிரிம், சப்-டிரிம் எல்லாம் டிரான்ஸ்மிட்டரில் பூஜ்யமாக இருக்க, மூன்று செர்வோ ஹார்னும் (செர்வோவின் கை) லிங்குக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும். ஹார்னின் பற்களால் முழுதாகச் சரிவராது. மிக அருகில் வரும் பல்லைத் தேர்ந்தெடுத்து, மிச்சத்தை மட்டும் யூனிட்டுக்குள் உள்ள சப்-டிரிம்மில் திருத்துங்கள். மேலே போகும் தூரமும் கீழே போகும் தூரமும் சமமாக இருப்பது இந்த 90 டிகிரியில்தான் இருக்கிறது. டெயில் செர்வோவை இணைக்கும் முன் அதன் சிக்னல் துடிப்பு 1520 மைக்ரோசெகண்டு வகையா, 760 வகையா என்று பாருங்கள். தவறாகத் தேர்ந்தால் ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்று எரிந்துவிடும். அனலாக் செர்வோவுக்கு 333 ஹெர்ட்ஸ் கொடுத்தாலும் அதே கதிதான்.

அடுத்து, ஸ்வாஷ்பிளேட்டை லெவலர் வைத்துச் சமன் செய்யுங்கள். இங்கே லிங்க் நீளத்தால் திருத்துவதே முறை. ஸ்டிக் நடுவில் இருக்கும்போது பிளேடில் பிட்ச் கேஜ் பூஜ்யம் காட்ட வேண்டும். கேஜ் இல்லாவிட்டால் இரண்டு பிளேடையும் வால்பக்கமாக மடக்குங்கள்: பூஜ்யத்தில் இருந்தால் இரண்டும் ஒரே தளத்தில் படுத்திருக்கும், நுனிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்காது.

கிரிப்புக்குப் போகும் லிங்கில் எம்2 மறை ஒரு சுற்றுக்கு 0.4 மிமீ நகரும். கிரிப்பின் கை சுமார் 22 மிமீ என்றால் அது ஒரு டிகிரிக்குச் சமம். ஒரு முகம் மட்டும் வெளியே பார்க்க வேண்டிய லிங்குகளில் அரைச் சுற்று திருப்பினால் முகம் உள்ளே போய்விடும், ஆக ஒரு டிகிரிக்கும் குறைவாக இதில் திருத்த முடியாது. இரு முனைகளிலும் எதிரெதிர் மறை கொண்ட டர்ன்பக்கிள் வகை இருந்தால் கழற்றாமலே நுணுக்கமாகத் திருத்தலாம். 450-க்கு நான் முதலில் பரிந்துரைக்கும் மேம்பாடு இதுதான், கார்பன் அலங்காரங்கள் அல்ல.

கலெக்டிவ் இரு முனையிலும் 10 டிகிரி போதும், நன்கு பழகியவர்கள் 11, 12 வரை போகலாம். சைக்ளிக்குக்கு யூனிட் கேட்கும் கோணத்தைத் துல்லியமாக வையுங்கள். சில யூனிட்டுகள் 6 டிகிரி கேட்கும், சில 8. கலெக்டிவும் சைக்ளிக்கும் முழுதாகக் கொடுத்து நான்கு மூலைகளிலும் ஸ்வாஷ்பிளேட் எதிலும் முட்டவில்லை என்று பாருங்கள்.

பிறகு பறக்கும் முன் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய சோதனை. ஹெலியைக் கையில் எடுத்து முன்பக்கம் சாயுங்கள், ஸ்வாஷ்பிளேட் பின்பக்கம் சாய வேண்டும். இடப்பக்கம் சாய்த்தால் அது வலப்பக்கம் சாய வேண்டும். மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்புங்கள்: வலது ரட்டர் ஸ்டிக் கொடுத்தால் டெயில் ஸ்லைடர் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் போக வேண்டும். இதில் ஒன்று தலைகீழாக இருந்தாலும் ஹெலி தரையைவிட்டு எழும்பும் முன்பே கவிழும் அல்லது பம்பரமாகச் சுற்றும்.

யூனிட்டை ஒட்டும் இரட்டைப்பக்க ஃபோம் டேப்பை மே மாதத்தில் அடிக்கடி பாருங்கள். வெயிலில் நின்ற காருக்குள் பசை இளகி, யூனிட் சிறிது நழுவினாலே போதும், காரணம் தெரியாமல் ஹெலி ஒரு பக்கம் ஒதுங்கும். ஒயர்கள் யூனிட்டை இழுத்துப் பிடிக்காதபடி கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இழுத்துக் கட்டிய ஒயர் வழியே ஃபிரேமின் அதிர்வு நேராக உள்ளே போகும்.

பிளேடு பேலன்ஸும் ட்ராக்கிங்கும்

எடையை மட்டும் பார்ப்பது பாதி வேலை. முதலில் ஒவ்வொரு பிளேடையும் ஒரு பேனாவின்மேல் நிறுத்தி எடைமையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு குறிகளும் ஒரே தூரத்தில் இல்லாவிட்டால், மையம் வேருக்கு அருகில் இருக்கும் பிளேடின் நுனியில் டேப் சுற்றி இணையாக்குங்கள். அதன்பின் இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்து, இலேசானதன் எடைமையக் குறியின் மேலேயே டேப் ஒட்டி எடையைச் சமமாக்குங்கள். குறியின் மேல் ஒட்டினால் முதலில் செய்த வேலை கலையாது.

பிளேடு போல்ட்டின் இறுக்கத்துக்கு, பிளேடுகளை நீட்டி ஹெலியைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அவை அப்படியே நிற்க வேண்டும், ஒரு குலுக்கில் தொங்க வேண்டும்.

ட்ராக்கிங் பார்க்க ஒரு பிளேடின் நுனியில் சிவப்பு, மற்றதில் கறுப்பு டேப் ஒட்டுங்கள். கண்மட்டத்தில் ஹோவர் செய்யும்போது பத்தடிக்குமேல் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு நிறமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். இரண்டு தட்டுகளாகத் தெரிந்தால் மேலே ஓடும் பிளேடுக்குப் பிட்ச் அதிகம். எந்த பிளேடு பூஜ்யத்திலிருந்து விலகியிருக்கிறது என்று கேஜில் பார்த்து அதன் லிங்கைத் திருத்துங்கள்.

எல்லாம் செய்தும் அதிர்வு இருந்தால், எதில் இருக்கிறது என்று கழித்துக்கொண்டே போகலாம். பிளேடுகளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அதிர்வு போய்விட்டால் குற்றவாளி மெயின் பிளேடு அல்லது டெயில் பிளேடு. போகவில்லை என்றால் ஸ்பிண்டில், மெயின் ஷாஃப்ட், டெயில் ஷாஃப்ட், பேரிங் என்று வரிசையாகப் பாருங்கள். டெயில் துடுப்பு மங்கலாகத் தெரியும் அளவு வேகமான அதிர்வு பெரும்பாலும் வாலிலிருந்து வரும். கண்ணால் எண்ணிவிடலாம் போன்ற மெதுவான குலுக்கல் மெயின் ரோட்டரிலிருந்து வரும்.

பேட்டரியும் விழுந்தபின் சோதனையும்

2200 எம்ஏஎச் பேக்கில் 1760-க்குமேல் எடுக்காதீர்கள். டைமரை முதலில் 4 நிமிடம் வைத்துப் பறந்துவிட்டு, திரும்ப எவ்வளவு ஏறுகிறது என்று சார்ஜரில் பார்த்து நேரத்தைச் சரிசெய்யுங்கள். இறங்கியபின் ஓய்வில் செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதிகம் ஓட்டியிருக்கிறீர்கள். 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்யுங்கள். இரண்டு நாளுக்குமேல் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பிய பேக்கை இனிப் பயன்படுத்தாதீர்கள்.

தரையில் விழுந்த ஹெலியின் வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் ஸ்பிண்டிலையும் மெயின் ஷாஃப்ட்டையும் கண்ணாடியில் உருட்டாமல் திரும்பப் பறக்கவிட வேண்டாம். கார்பன் பிளேடில் நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் பொத்தென்று மாறினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது, அந்த பிளேடு இனி ஆகாது. மெயின் கியரின் ஒவ்வொரு பல்லையும் வெளிச்சத்தில் பாருங்கள். கடைசியாக, பேட்டரி இணைக்காமல் செர்வோ ஒவ்வொன்றின் ஹார்னையும் விரலால் மெதுவாகத் தூரம் முழுக்கத் திருப்புங்கள். ஒரே ஒரு இடத்தில் ‘டக்’ என்று தாண்டினால் ஒரு பல் போயிருக்கிறது. நடுநிலையில் அது தெரியாது, முழு சைக்ளிக்கில்தான் கைவிடும். கியர் செட் தனியாக விற்பதால் செர்வோவைத் தூக்கி எறிய வேண்டாம். நான்கு திருகைக் கழற்றி, ஒவ்வொரு கியரின் இடத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். மாற்றியபின் ஹார்ன் பழைய பல்லில் வந்து உட்காராது, அந்த 90 டிகிரியைத் திரும்ப வைக்க வேண்டும்.